இனிஷியலால திரும்பி வந்த அப்ளிகேஷன், சரி பண்ணின விதம்

கம்போடியால ஒரு கிராமத்து ஸ்கூல்ல மூணு மாசம் வாலண்டியரா இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க அப்ளை பண்ணிருந்தேன். அதுக்கு வேண்டிய 120 மணி நேர டெஃப்ல் கோர்ஸும் (TEFL, இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்கு அத சொல்லிக்குடுக்குற பயிற்சி) முடிச்சாச்சு, ஆனா ரெண்டு தடவை பேர் ஒத்துப்போகலன்னு திரும்பி வந்துட்டு. டிகிரில என் பேருக்கு முன்னால எஸ்னு ஒரே எழுத்து, பாஸ்போர்ட்ல இனிஷியல் போட மாட்டாங்க, அதனால அப்பா பேரு முழுசா சர்நேம் கட்டத்துல இருக்கு, அங்க உள்ளவங்களுக்கு இது ரெண்டு ஆளு.

மொதல்ல டிகிரில பேர மாத்தலாம்னு நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலிக்கு பஸ் ஏறி ரெண்டு நாள் அலைஞ்சேன், நடக்கல. அப்புறம் பேர் மாத்தினதா கெசட்ல, அதான் அரசிதழ்ல, போடணும்னு ஒருத்தர் சொன்னாரு, அதுக்கும் விசாரிச்சு ஒரு வாரம் போச்சு, பேர் மாறவே இல்லியே, விரிச்சு எழுதிருக்கு அவ்வளவுதான்.

கடைசில தக்கலைல ஒரு நோட்டரி வக்கீல் அண்ணன் பாஸ்போர்ட்ட வாங்கி திருப்பிப் பாத்துட்டு, "மக்ளே, இந்தப் பக்கத்த அனுப்பினியா?"ன்னு கேட்டாரு. நான் போட்டோ உள்ள பக்கம் மட்டும்தான் ஸ்கேன் பண்ணிருந்தேன். கடைசி பக்கத்துல அப்பா பேரு தனியா அச்சாகிருக்கு, அந்த எஸ் யாருன்னு காட்டுறதே அதுதான். ரெண்டு பக்கமும், அப்பா பேரு உள்ள ஸ்கூல் டி.சி.யும், ரெண்டு பேருலயும் இருக்கது ஒரே ஆள்தான்னு இங்கிலீஷ்ல ஒரு அஃபிடவிட்டும் சேத்து ஒரே பிடிஎஃப்பா அனுப்பினேன். நாலாம் நாள் ஓகே வந்துட்டு, அப்பாடான்னு இருந்துச்சு.

டெஃப்ல் சர்டிபிகேட்ல நாம டைப் பண்ற பேருதான் அப்படியே அச்சாகி வரும், அத மொதல்லயே பாஸ்போர்ட்ல உள்ளபடி குடுத்துருங்க.