தேதியோடு ஒரு வரி

மழலையர் வகுப்பு ஆசிரியர்களே, பிள்ளைகளின் பேச்சு வளர்ச்சியைப் பதிவு செய்யும்போது "குழந்தை நன்றாகப் பேசுகிறாள்" என்று மட்டும் குறித்து வைத்தால் யாருக்கும் பயனில்லை. கண்டதை அப்படியே எழுதுங்கள்: "மார்ச் 4. கதவைக் காட்டி 'அப்பா போச்சு' என்றாள்." தேதியும் அவள் சொன்ன சொல்லும் போதும். பெற்றோரும் வீட்டில் இதேபோல ஒரு நோட்டு வைத்திருக்கட்டும். மாதம் ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை வீட்டில் ஓயாமல் பேசலாம். அது வெறும் கூச்சமாகவும் இருக்கலாம். 2 வயது முடிந்தும் இரண்டு இடத்திலுமே இரு சொல் சேர்த்துப் பேசவில்லையா? குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள், காது கேட்கும் திறனையும் சேர்த்துப் பரிசோதிக்கட்டும். அப்புறம், ஏற்கெனவே பேசிய சொற்கள் நின்றுபோனால் அடுத்த மாதச் சந்திப்புவரை காத்திருக்கவே வேண்டாம், அன்றே பெற்றோருக்குப் போன் செய்துவிடுங்கள்.