பெரிய எண்ணைப் பகுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

123456789 என்ற எண்ணையே எடுத்துக்கொண்டு பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்துப் பார்ப்போம். இலக்கங்களைக் கூட்டினால் 45, அதனால் 9-ஆல் வகுபடும், வகுத்தால் 13717421. இதுவரை பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. அப்புறம் 7, 11, 13 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்ப்பார்கள், எதிலும் மீதியில்லாமல் வராது, பொறுமைசாலிகள் ஆயிரம் வரைகூடப் போவார்கள், பிறகு "சரி, இது பகா எண்தான்" என்று எழுதிவிடுவார்கள். தயவுசெய்து அங்கே நிறுத்தாதீர்கள். இதன் வர்க்கமூலம் சுமார் 3703.7; அதுவரை உள்ள எல்லாப் பகா எண்களையும் பார்த்தாக வேண்டும். இந்த எண்ணுக்கு முதல் காரணி அகப்படுவதே 3607-இல்தான்: 13717421 = 3607 × 3803. 3500 வரை உழைத்தவருக்கும் தவறான விடைதான் கிடைத்திருக்கும். வர்க்கமூலத்தைத் தாண்டித் தேடுவதோ வீண் வேலை, ஏனென்றால் மேலே ஒரு காரணி இருந்தால் அதன் ஜோடி கீழேயே சிக்கியிருக்கும்.

ஆக 123456789 = 3² × 3607 × 3803. வகுத்திகள் எத்தனை? மூன்று பகா எண்கள், எனவே 2 × 2 × 2 = 8 என்பது அடிக்கடி பார்க்கும் தவறு. அடுக்கோடு ஒன்றைக் கூட்டித்தான் பெருக்க வேண்டும்: 3 × 2 × 2 = 12. ஆய்லர் சார்பிலும் (ஓர் எண் வரை, அதனோடு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்ற கணக்கு) இதே அடுக்குதான் கவிழ்க்கும், 3²-க்கு 2 × 2 = 4 என்று போடுவார்கள், சரியானது 9 − 3 = 6.

இலக்கக் கூட்டல் விதி 3-க்கும் 9-க்கும் பொருந்துவதால் 27-க்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். 1899-இன் இலக்கக் கூட்டல் 27, ஆனால் 27-ஆல் வகுத்தால் மீதி 9. அதேபோல 4-ஆலும் 6-ஆலும் வகுபட்டால் 24-ஆலும் வகுபடும் என்பதும் தவறு, 36-ஐப் பாருங்கள். இரண்டும் சார்பகா எண்களாக, அதாவது 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதவையாக, இருந்தால்தான் பெருக்கலாம்.

ஃபெர்மா சோதனையில் (ஓர் அடிமானத்தை, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) தேறினாலே பகா எண் என்று முடிவு கட்டுவது இன்னும் ஆபத்தானது. 2³⁴⁰-ஐ 341-ஆல் வகுத்தால் மீதி 1, பகா எண்ணுக்கு வர வேண்டியதேதான். ஆனால் 341 = 11 × 31. அடிமானத்தை 2-லிருந்து 3-ஆக மாற்றிப் பார்த்தால் 341 மாட்டிக்கொள்ளும். 561 அப்படியும் நழுவும், தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்திலும் அது தேறிவிடும். நிரல் எழுதுபவர்கள் இதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனைக்குப் போவதே நல்லது.

கடைசியாக, கணினியை நம்பிச் செய்யும் தவறு. ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740993 என்று சாதாரணமாகக் கொடுத்தால் அது 9007199254740992 ஆகிவிடும், ஒற்றை எண் இரட்டையாகிவிட்டது, எந்த எச்சரிக்கையும் வராது! விரிதாள்களிலும் 15 இலக்கங்களுக்கு மேல் நம்ப முடியாது. இதற்கு மேல் போனால் ஜாவாஸ்கிரிப்டின் பெரிய முழு எண் வகையான பிக்இன்ட் அல்லது பைத்தானின் முழு எண் வகையைப் பயன்படுத்துங்கள், பைத்தானில் வகுக்கும்போது ஒற்றைச் சாய்கோடு போடாமல் இரட்டைச் சாய்கோடு போடுங்கள், இல்லையென்றால் விடை தசம எண்ணாக மாறி அதே பிழை திரும்ப வரும்.