எடுகோள் வினாக்கள்: விடையைப் பொய்யாக்கிப் பாருங்கள்

நுண்ணறிவு வினாத்தாளில் "இவ்வாதத்தின் எடுகோள் எது?" (அதாவது, சொல்லாமலே உண்மை என்று வைத்துக்கொண்டது எது?) என்று வந்தால் முதலில் "ஆகவே" எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அதற்குப் பின்னால் வருவது முடிவு, முன்னால் இருப்பது காரணம். சில வேளை முடிவை முதல் வரியில் வைத்து "ஏனெனில்" என்று தொடர்வார்கள். இரண்டின் கீழும் பென்சிலால் கோடிடுங்கள். எழுதாமல் விட்ட எடுகோள் இவற்றுக்கு நடுவில்தான் இருக்கும்.

காரணத்தில் இல்லாத புதுச் சொல் ஒன்று முடிவில் வந்தால் வேலை சுலபம். "இந்தத் தயிர் சட்டியில் வந்தது, ஆகவே கலப்படம் இல்லை." சட்டியையும் கலப்படத்தையும் தொடுக்கிற விடைதான் வேண்டும். எருமைப்பாலா பசுப்பாலா என்று பேசும் விடையை உடனே வெட்டலாம்.

சிக்கல் அடுத்த வகையில்: ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் பொருந்துவதுபோலத் தெரியும்.

"வடகீழ்ப் பருவமழை இம்முறை பிந்திவிட்டது. ஆகவே மட்டக்களப்பின் படுவான்கரையில் பெரும்போக விளைச்சல் குறையும்."

அ) பெரும்போக வேளாண்மைக்கு மழையைத் தவிர வேறு நீரே இல்லை.
ஆ) மழை பிந்தியதைக் குளத்து நீர் முழுதாக ஈடுசெய்யாது.
இ) சிறுபோகத்தை விடப் பெரும்போகத்தில் கூடுதல் காணி விதைக்கிறார்கள்.

இ உண்மையாக இருக்கலாம், ஆனால் கேள்விக்கு வேண்டாதது. பலர் விழுவது அ-வில். அதைப் பொய் என்று வைத்துப் பாருங்கள்: உன்னிச்சைக் குளத்திலிருந்து கொஞ்சம் நீர் வருகிறது. அப்போதும் விளைச்சல் குறையலாம், முடிவு நிற்கிறது. ஆகவே அ எடுகோள் அல்ல. ஆ பொய் என்றால் குளத்து நீரே போதும். மழை பிந்தியதைக் காட்டி விளைச்சல் குறையும் என்று சொல்ல வழியில்லை. விடை ஆ.

உயர்தரத்தில் அளவையியல் (தர்க்கம்) படித்தவர்கள் இங்கே கவனம். வாதத்தை வலிதாக்கும், அதாவது முடிவை உறுதியாக்கும், கூற்றைத் தேடிப் பழகிய கை அ போன்ற பலமான விடைக்குத்தான் போகும். கேட்பதோ, எது இல்லாவிட்டால் வாதம் விழும் என்பது. "எதைச் சேர்த்தால் முடிவு உறுதியாகும்?" என்று கேட்டால்தான் பலமான விடைக்கு இடம். அதனால் வினாவை இரு தடவை வாசியுங்கள்.

பொய்யாக்கும்போது அளவு மீறக்கூடாது. "எல்லா விவசாயிகளும்" என்பதன் மறுப்பு "ஒருவரும் இல்லை" அல்ல, "ஒருவராவது அப்படி இல்லை" என்பதே. "சிலர்" என்பதற்குத்தான் "ஒருவரும் இல்லை". வினைச்சொல்லை மாற்றினால் குழப்பம் வரும்: "எல்லாரும் வரவில்லை" என்பதை இரு விதமாகவும் எடுக்கலாம். முழு வசனத்தையும் அப்படியே விட்டு, கடைசியில் "என்பது பொய்" என்று சேர்ப்பது பாதுகாப்பு.

அறிவித்தல் வகை வேறு. அதில் "ஆகவே" இருக்காது. கல்முனை பஸ்ஸில் "சில்லறையாகத் தரவும்" என்று ஒட்டியிருந்தால், ஒட்டியவர் எதை நம்பினார் என்று கேளுங்கள். சில்லறை இல்லாமல் நோட்டுத் தாளோடு ஏறுகிறவர்கள் உண்டு, சொன்னால் சிலராவது கேட்பார்கள்: இவை எடுகோள்கள். "எல்லாப் பயணிகளும் அதன்படி நடப்பார்கள்" என்பது எடுகோள் அல்ல. ஒட்டிய கொண்டக்டரே அப்படி நம்பியிருக்க மாட்டார்.