ஸ்பானிஷில் ‘இடம்’ சொல்வது எப்படி: லுகார், சித்தியோ, எஸ்பாசியோ, பிளாசா

தமிழில் பிறந்த ஊரும் இடம், பேருந்தில் உட்காருவதும் இடம், கல்லூரியில் கிடைப்பதும் இடம், போட்டியில் முதலாவதாக வருவதும் இடம். ஸ்பானிஷில் இவை தனித்தனிச் சொற்கள். எனவே வாயைத் திறக்கும் முன் ஒரு கேள்வி: நான் சொல்வது ஓர் இருப்பிடமா, ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் அளவா, எண்ணிப் பங்கிட்ட ஒன்றா?

இருப்பிடம் என்றால் லுகார். பேச்சு, எழுத்து, விண்ணப்பப் படிவம் என எங்கும் பொருந்தும். குழப்பம் வந்தால் இதையே எடுங்கள். சித்தியோவும் அதே பொருள்தான், கொஞ்சம் பேச்சு வழக்கு. ஸ்பெயினில் அதிகம் கேட்கும். ‘உட்கார இடம் இருக்கிறதா?’ என்பதற்கு அங்கே ‘அய் சித்தியோ?’ என்பார்கள், லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் ‘அய் லுகார்?’ என்பார்கள்.

ஆனால் நிலைத்துப்போன தொடர்களில் இரண்டையும் மாற்றிப் போடக்கூடாது. ‘என் லுகார் தே’ என்றால் ‘அதற்குப் பதிலாக’. ‘தெனெர் லுகார்’ என்றால் நிகழ்ச்சி நடைபெறுவது. ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்கள் இதை ‘தோமார் லுகார்’ என்று எழுதிவிடுகிறார்கள், அது பிழை. ‘எஸ்தாதோ தே சித்தியோ’வோ இடத்தைப் பற்றியதே அல்ல, முற்றுகை நிலை.

எஸ்பாசியோ என்பது பரப்பு, கொள்ளளவு. அலமாரி அடைத்துக்கொள்வது, சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளி, விண்வெளி எல்லாம் இதில் அடங்கும். நல்ல சாப்பாட்டு இடம் ஒன்றைச் சொல்லும்போது எஸ்பாசியோ என்றால், அறையின் வடிவமைப்பைப் புகழ்வதுபோல் ஒலிக்கும்.

பங்கிட்டு எண்ணும் இடம் பிளாசா: வகுப்பில் மீதமிருக்கும் இடங்கள், ஐந்து பேர் போகும் கார், ஸ்பெயினில் வாகன நிறுத்துமிடம். ஊர்ச் சதுக்கத்துக்கும் இதே சொல். உட்காரும் இருக்கை மட்டும் அசியெந்தோ. போட்டியில் பெறும் இடம், வேலைப் பதவி, சந்தைக் கடை மூன்றும் புவெஸ்தோ. கடை நடத்த வாடகைக்கு எடுக்கும் கட்டடப் பகுதி லொக்கால். நெருக்கி உட்கார்ந்து தரும் இடமும், வேலை நாளில் கிடைக்கும் இடைவெளியும் உவெக்கோ.

சொல் சரியாக இருந்தும் வினை தவறும் இடம் ஒன்று உண்டு. அறையோ கட்டடமோ எங்கே இருக்கிறது என்றால் ‘எஸ்தா’. நிகழ்ச்சி எங்கே நடக்கிறது என்றால் ‘எஸ்’. ‘லா சாலா எஸ்தா அர்ரிபா’ என்றால் அறை மாடியில் இருக்கிறது. ‘லா ரெயுனியோன் எஸ் என் லா சாலா’ என்றால் கூட்டம் அறையில் நடக்கிறது. கூட்டத்துக்கு ‘எஸ்தா’ போட்டால் கேட்பவருக்கு உடனே உறுத்தும்.

‘எங்கும்’ என்பதற்கு ‘என் தோதாஸ் பார்த்தெஸ்’: பன்மை, நடுவே ‘லாஸ்’ (ஆங்கில ‘the’ போன்ற சொல்) கிடையாது. ‘லாஸ்’ சேர்த்தால் ‘எல்லாப் பகுதிகளிலும்’ என்று பொருள் மாறிவிடும். ‘எங்குமே இல்லை’ என்பதற்கு ‘என் நிங்குனா பார்த்தே’, இது ஒருமை. வினைக்குப் பின்னால் வந்தால் வினைக்கு முன் ‘நோ’ கட்டாயம்: ‘நோ லோ என்குவெந்த்ரோ என் நிங்குனா பார்த்தே’, அதாவது ‘அதை எங்குமே காணவில்லை’.