கறுப்பைக் கண்டு கட்டி என்று எழுதாதீர்கள்: சீப்ரா மீன் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மிஸ், சாறு விட்ட மீன்கள்ல கறுப்புக் கோடு வெளிறிட்டுது." மெலனோமா என்னும் நிறக்கலப் புற்றுநோயை ஆராய விரும்பும் வவுனியா மாணவி ஒருவர், கடையில் வாங்கிய சாதாரண சீப்ரா மீன்களில் ஒரு மூலிகைச் சாற்றைப் பரிசோதித்துவிட்டு, மகிழ்ச்சியோடு கைபேசிப் படங்களைக் காட்டினார். சாறு விட்ட தொட்டி வெள்ளை மேசையிலும் மற்றையது கறுப்புத் தட்டிலும் இருந்தன. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் நான் இழந்த ஐந்து மாதங்கள் அப்படியே கண்முன் வந்தன.

பின்புலத்தை மறந்து அளப்பது

மீனின் கறுப்பு நிறக்கலம் மெலனின் துணிக்கைகளைத் தனக்குள்ளேயே நகர்த்தக்கூடியது. இருண்ட தளத்தின் மேல் அவை கலமெங்கும் பரவி உடல் கறுக்கும். வெளிர்ந்த தளத்தின் மேல் நடுவில் திரண்டு உடல் வெளிறும். அன்று நான் மருந்திட்ட மீன்களை வெண்ணிறத் தட்டிலும் மற்றவற்றைக் கரிய தட்டிலும் வளர்த்து, வாரந்தோறும் புள்ளிகளின் பரப்பை அளந்து, மருந்து கட்டியைச் சுருக்குகிறது என்று அட்டவணை போட்டேன். தட்டுகளை மாற்றி வைத்த அன்றே அந்த வேறுபாடு தலைகீழானது. மீன்கள் வீணாக உயிரிழந்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல் அடங்குவதில்லை. எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே நிறத் தளம், ஒரே ஒளி, ஒரே நேரம் வேண்டும். படமெடுக்குமுன் எபிநெஃப்ரின் (அட்ரினலின்) கலந்த நீரில் சில நிமிடங்கள் வைத்தால் துணிக்கைகள் திரண்டு, எல்லா மீன்களையும் ஒரே நிலையில் ஒப்பிடலாம்.

மச்சத்தைப் புற்றுநோய் என்பது

மனித மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் காணப்படும் பிராஃப் வி600ஈ என்னும் பரம்பரையலகு விகாரத்தை, ஆய்வாளர்கள் எலிசபெத் பற்றன், லியோனார்ட் சோன் ஆகியோரின் குழு மீனின் நிறக்கலங்களில் செலுத்தி 2005 இல் முடிவை வெளியிட்டது. அந்த விகாரம் மட்டும் இருந்த மீன்களில் மச்சங்களே தோன்றின. கட்டி உருவாவதைத் தடுக்கும் பி53 பரம்பரையலகும் செயலிழந்த மீன்களில்தான் ஊடுருவும் மெலனோமா வந்தது. ஆகவே தோலின் மேல் புடைத்திருக்கிறதா, வெட்டுமுகத்தில் தசைக்குள் இறங்கியிருக்கிறதா, வேறொரு மீனுக்கு மாற்றினால் வளர்கிறதா என்று பார்க்காமல் அதைக் கட்டி என்று எழுதாதீர்கள்.

மனிதக் கலத்தை மீனின் வெப்பநிலையில் விடுவது

மனிதப் புற்றுநோய்க் கலங்களை மீன் முளையத்தில் பதித்தும் ஆராய்வதுண்டு. மீன் முளையத்துக்கு ஏற்றது 28.5 பாகை செல்சியஸ், மனிதக் கலத்துக்கு 37 பாகை. இடைப்பட்ட 34 பாகையளவில் வைப்பதே வழக்கம்.

பினைல்தயோயூரியா

இது மீனில் மெலனின் உருவாவதைத் தடுக்கும் இரசாயனம். நிறத்தையே ஆராயும்போது அதை ஊற்றாதீர்கள். கட்டியை மாற்றிப் பதிக்கக் காஸ்பர் என்னும் நிறமற்ற மீன் இருக்கிறது.

கிணற்று நீர்

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற எங்கள் வன்னித் தண்ணீரை, கடினத்தன்மையை அளக்காமல் தொட்டியில் விடவேண்டாம்.

மாணவி இப்போது இரு தொட்டிகளையும் ஒரே சாம்பல் நிற அட்டையின் மேல் வைத்து, சாறு விடாமலே முதல் வாரப் படங்களை எடுத்துக்கொண்டிருக்கிறார்.