லித்தியம் எடுப்பவர் வீட்டில் உப்பும் தண்ணீரும் ரத்தப் பரிசோதனையும்

மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோய்க்கு மூளை வேதியியலோடு தொடர்பு உண்டு என்றதும், மூளை வேதிப்பொருட்களான டோபமைனையும் செரட்டோனினையும் ரத்தத்தில் அளந்து பார்க்க முடியுமா என்றே பலரும் கேட்கிறார்கள். இந்த நோயைக் கண்டறிய அப்படியொரு பரிசோதனை இல்லை. மனவெழுச்சிக் (மேனியா) காலத்தில் டோபமைனின் செயல்பாடு கூடுகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன என்றாலும், மருத்துவர் நோயை நிர்ணயிப்பது தூக்கம், பேச்சு, செலவு, சோர்வு ஆகியவற்றின் வரலாற்றைக் கேட்டுத்தான். ரத்தத்தில் அளக்க வேண்டியது, இந்நோய்க்கு மருந்தாகக் கொடுக்கப்படும், நரம்பணுக்களுக்குள் செய்தி கடத்தும் சில நொதிகளைத் தடுக்கின்ற லித்தியத்தை.

இரவு மாத்திரையை ஒன்பது மணிக்கு விழுங்கினால், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, அதாவது சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரை இருந்தால் அதை எடுக்கும் முன்பே ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் அளவு பொய்யாகக் கூடித் தெரியும். ரத்தம் உறையாமல் தடுக்கும் லித்தியம் ஹெப்பாரின் கலந்த குழாயில் ரத்தம் எடுத்தாலும் இதே பிழை நேரும். பரிசோதனைக்கூடத்தில் இதைக் கேட்டுவிடத் தயங்க வேண்டாம். பெரியவர்களுக்குத் தொடர் சிகிச்சையில் ரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைக்கிறார்கள்; சிலருக்கு 1.0 வரை தேவைப்படும். 1.5-ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தோன்றலாம். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் பரிசோதனைகளை ஆறு மாதத்திற்கு ஒருமுறை செய்துகொள்வது வழக்கம்.

உப்பில்தான் குடும்பங்கள் அதிகம் தவறுகின்றன. சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தைப் போலவே கையாளுவதால், உடலில் உப்போ நீரோ குறையும்போது லித்தியத்தையும் வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மனவெழுச்சிக்கு லித்தியம் பலன் தருவதை வெளியிட்ட அதே ஆண்டில், அமெரிக்காவில் உப்பைக் குறைத்துவந்த இதய நோயாளிகள் சிலர் உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடைச் சேர்த்து உயிரிழந்தார்கள். அந்நாடு லித்தியத்தை மருந்தாக ஏற்க 1970 வரை ஆயிற்று. எனவே ரத்த அழுத்தத்திற்காக உப்பைத் திடீரென நிறுத்துவது, தண்ணீர்கூட இல்லாமல் விரதம் இருப்பது, கோடை வெயிலில் வியர்த்த பிறகும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மூட்டுவலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகியவற்றைக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. பொதுவாகப் பாராசிட்டமாலே பாதுகாப்பானது. ரத்த அழுத்தத்திற்கோ நீர் பிரியவோ புதிய மாத்திரை எழுதப்பட்டால், லித்தியம் எடுப்பதை அந்த மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக எடுக்க வேண்டாம். திடீரென நிறுத்தினால் மனவெழுச்சி திரும்பும் அபாயம் மிகுதி என்பதால், நிறுத்த வேண்டிவந்தாலும் மருத்துவரின் மேற்பார்வையில் பல வாரங்களாகப் படிப்படியாகவே குறைக்கிறார்கள். நச்சு அறிகுறி தோன்றும் நாள் மட்டும் இதற்கு விலக்கு: கை நடுக்கம் கடுமையாகி, வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்குழறல் தென்பட்டால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல், மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.