மீன் சுணங்கினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வண்ண மீன் வளர்ப்பவர்களிடம் அடிக்கடி காணும் தவறு, மீன் சுணங்கிய உடனே மருந்துப் புட்டியைத் திறப்பது. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்பதும், நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடுவதும், இரையைத் தொடாமல் இருப்பதும் நோயின் அறிகுறிகள்தாம். ஆனால் அம்மோனியா செவுள்களைப் புண்ணாக்கும்போதும் மீன் இப்படியேதான் இருக்கும்.

புதுத் தொட்டியில் இது மிகவும் சகஜம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் மீன்களை நிரப்பிவிடுகிறோம். பழைய தொட்டியிலும் ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் அந்தப் பாக்டீரியாக்களைக் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்ட வேண்டும். இல்லையென்றால், குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையுள்ள நீரை ஊற்றி மூன்றில் ஒரு பங்கை மாற்றுவதே முதல் சிகிச்சை. நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 8-ஐத் தாண்டிய நீரில் அதே அளவு அம்மோனியா பல மடங்கு கொடியது. இந்த நிலையில் மெத்திலீன் புளூவை ஊற்றினால் எஞ்சிய பாக்டீரியாக்களும் போய்விடும். அந்த நீல மருந்துக்கு உரிய இடம் தனி வாளியோ சிறு தொட்டியோதான்.

வெண்புள்ளி நோயில் நடக்கும் தவறு வேறு வகை. உப்புக்கல் போன்ற புள்ளிகள் தெரிகின்றன, மருந்து ஊற்றுகிறோம், மூன்றாம் நாள் புள்ளிகள் இல்லை; குணமாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறோம். உண்மையில் தோலுக்கடியில் இருக்கும் ஒட்டுண்ணியை நீரில் கலந்த மருந்து தொடுவதே இல்லை. அது முதிர்ந்து தானாகவே உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அவை நீந்தி வந்து ஓரிரு நாளில் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். மருந்து கொல்வது அந்த நீந்தும் பருவத்தை மட்டுமே. ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது சிகிச்சையைத் தொடர வேண்டும். வெப்பநிலையை 28 முதல் 30 டிகிரிக்கு உயர்த்தினால் சுழற்சி விரைவாக முடியும். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் காற்றோட்டத்தைக் கூட்டியே தீர வேண்டும். புள்ளி உள்ள மீனை மட்டும் பிரித்துவைப்பதிலும் பயனில்லை. தொட்டி முழுவதுமே நோய்க்களம். எனவே ஃபில்டர் பாக்டீரியாக்களைப் பாதிக்காத மருந்தைத் தேர்ந்தெடுத்துத் தொட்டிக்கே கொடுங்கள்.

ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் முன்துடுப்பிலும் வரிசையாக வெள்ளைப் பொட்டுகள் தோன்றினால் பதற வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் அது இயல்பு. அதற்கும் மருந்து வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

வாயோரத்தில் பஞ்சு போன்ற வெண்மை தெரிந்தால் பூஞ்சை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று. பூஞ்சை மருந்து அதற்கு உதவாது. வெண்புள்ளிக்குச் செய்ததுபோல நீரைச் சூடாக்கினால் இன்னும் வேகமாகப் பரவும். மருந்துக்கடை டெட்ராசைக்கிளின் மாத்திரையை உடைத்துப் போடும் பழக்கமும் வேண்டாம். கடினநீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அதைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்கின்றன. நம் ஆழ்துளைக் கிணற்று நீர் பலவும் கடினநீர். அரைகுறை அளவில் மிஞ்சுவது மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகாலடி உயரத் தொட்டியின் முழுக் கொள்ளளவு சுமார் 70 லிட்டர். கூழாங்கல்லையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் 55 லிட்டர்கூட இருக்காது. 70 லிட்டருக்கு மருந்து ஊற்றுவது மீனுக்கு விஷம். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். அது மருந்தை உறிஞ்சிவிடும். மருந்தாகப் போடும் கல்லுப்பை லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை பல மீன்கள் தாங்கும்; கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தி மீன்களும் நீர்ச்செடிகளும் அவ்வளவு தாங்காது.

வண்ண மீன் கடைகள் நிறைந்த சென்னை கொளத்தூரில் வாங்கினாலும் பக்கத்துத் தெருக் கடையில் வாங்கினாலும் புது மீனை இரண்டு முதல் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள். அந்தத் தொட்டிக்கு வலையும் குழாயும் தனியாக இருக்கட்டும். ஈர வலை வழியாகவே நோய் பெரிய தொட்டிக்குப் போய்விடும்.